தீவைத் தாண்ட ஒரு மட்டை!

ப்ளஸ் ஒன் படிக்கிற வயசு. உங்க முன்னாடி ஒரு ஒப்பந்தப் பத்திரம். அதில் போட்டிருக்கும் தொகை, உங்க அப்பா ஆயுசு முழுக்க உழைத்தாலும் தொட முடியாதது. கையெழுத்துப் போட்டா ஸ்கூலுக்கு டாட்டா! பணக்கார அமெரிக்க அணி ஒன்று நடத்தும் பயிற்சி முகாமில் போய்ச் சேரணும். சாப்பாடு ஃப்ரீ, ரூம் ஃப்ரீ, யூனிஃபார்ம் ஃப்ரீ. நாலு வருஷம் கழிச்சு உலகமே கொண்டாடும் ஸ்டாரா நீங்க இருக்கலாம். இல்லேன்னா, பத்தாவதுகூட முடிக்காத இருபது வயசுப் பையனா ஒரு பையைத் தூக்கிக்கிட்டு வீட்டு வாசல்ல வந்து நிக்கலாம். போடுவீங்களா, மாட்டீங்களா?

அவசரப்பட்டு பதில் சொல்லாதீங்க ஃப்ரெண்ட்ஸ். இந்தக் கேள்வி தினம் தினம் கேட்கப்படும் ஒரு நாடு இருக்கு. டொமினிக்கன் குடியரசு! வாங்க, ஒரு ரவுண்ட் போயிட்டு வரலாம்.

கரும்புத் தோட்டத்துக்கு நடுவே மைதானம்

கரீபியன் கடல்னு சொன்னதும் நமக்கு லாராவும் கெய்லும்தான் ஞாபகம் வருவாங்க. அதே கடலில், க்யூபாவுக்கும் புவர்ட்டோ ரிக்கோவுக்கும் நடுவில் ஹிஸ்பானியோலா என்ற பெரிய தீவு இருக்கு. 1492-ல் கொலம்பஸ் வந்து இறங்கிய தீவு. அதன் மேற்குப் பக்கம் ஹைட்டி. மிச்சம் இருக்கும் பெரிய கிழக்குப் பாகம்தான் டொமினிக்கன் குடியரசு. மக்கள்தொகை சுமார் 1.1 கோடி. பேச்சு ஸ்பானிஷ். மூச்சு பேஸ்பால். கிரிக்கெட்டுக்கு இங்கே வேலையே இல்லை.

தலைநகர் சாண்டோ டொமிங்கோ. ஏர்போர்ட், நகரத்துக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கு. அங்கே இறங்கி மேலும் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் போக்கா சிக்கா. முழங்கால் அளவு தண்ணியில் ரொம்ப தூரம் நடந்தே போகலாம், அப்படி ஒரு பீச். டூரிஸ்ட்டுகள் அங்கேயே டேரா போட்டுடுவாங்க. நாம பீச்சுக்கு முதுகைக் காட்டிட்டு உள்பக்கம் திரும்பணும். மண் ரோடு, கரும்புத் தோட்டம், பெட்டிக்கடை, மோட்டார் பைக்கில் மூணு பேர்... திடீர்னு ஒரு உயரமான வேலி, வாசலில் காவலாளி. உள்ளே எட்டிப் பார்த்தால் சவரம் பண்ணின மாதிரி பச்சைப் புல்லில் மூணு, நாலு மைதானம். பின்னாடி ஹாஸ்டல், ஜிம், சாப்பாட்டுக் கூடம், க்ளாஸ் ரூம்.

இதுதான் அகாடமி. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடும் 30 அணிகளுக்கும் இந்த நாட்டில் ஆளுக்கொரு அகாடமி இருக்கு. பெரும்பாலானவை போக்கா சிக்கா, சான் பெட்ரோ டி மாக்கோரிஸ் ஏரியாவைச் சுற்றியே! வேலிக்கு இந்தப் பக்கம் தகரக் கூரை வீடுகள். அந்தப் பக்கம் பல லட்சம் டாலர் செலவில் ஒரு குட்டி அமெரிக்கா.

இந்த மாடலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணி. 1987-ல் அவங்க திறந்த முகாமின் பெயர் 'காம்போ லாஸ் பால்மாஸ்'. பனைமரத் திடல்னு அர்த்தம். அதுக்கு முன்னாடியும் சில அணிகள் இங்கே ஆள் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனால், மைதானம், ஹாஸ்டல், வகுப்பறை மூணையும் ஒரே காம்பவுண்டுக்குள் கொண்டுவந்து 'இப்படித்தான் நடத்தணும்'னு காட்டினது டாட்ஜர்ஸ்.

ஏன் இந்தத் தீவு?

பேஸ்பாலை இங்கே கொண்டுவந்தது அமெரிக்கர்கள்னு நினைச்சா, தப்பு. 1868-ல் தொடங்கி பத்து வருஷம் நடந்த விடுதலைப் போரின்போது க்யூபாவை விட்டுத் தப்பி வந்தவர்கள்தான் முதலில் மட்டையோடு வந்து இறங்கினார்கள். கரும்பாலை வைக்கவும் அவர்களில் பலர் கற்றுக்கொடுத்தார்கள். சர்க்கரையும் பேஸ்பாலும் ஒண்ணாவே வளர்ந்துச்சு.

சான் பெட்ரோ கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே இருந்த கரும்பாலைகளில் வேலை பார்க்க செயின்ட் கிட்ஸ், நெவிஸ், ஆன்டிகுவா மாதிரி பிரிட்டிஷ் ஆட்சித் தீவுகளில் இருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். உள்ளூர்க்காரங்க அவங்களுக்கு வெச்ச பேர் 'கொக்கோலோ'. அவங்க விளையாடினது என்ன தெரியுமா? நம்ம கிரிக்கெட்! பிள்ளைகளும் பேரன்களும் பேஸ்பாலுக்குத் தாவிட்டாங்க. ஸாமி ஸோஸா, ராபின்ஸன் கானோ, அல்ஃபோன்ஸோ ஸோரியானோ என்று ஒரே ஊரில் இருந்து ஸ்டார்கள் வரிசை கட்டி வந்ததுக்குப் பின்னாடி கிரிக்கெட் ரத்தமும் கொஞ்சம் ஓடுது.

ஆனாலும், ரொம்ப காலத்துக்கு அமெரிக்கக் கதவு மூடியே கிடந்தது. 1947-ல் ஜாக்கி ராபின்ஸன் களம் இறங்கும் வரை மேஜர் லீக்கில் கறுப்பின வீரர்களுக்கு இடமே இல்லை. 1956-ல் ஓஸி விர்ஜில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு ஆடி, அங்கே போன முதல் டொமினிக்கன் ஆனார். 1959-ல் க்யூபாவில் புரட்சி. அமெரிக்காவுக்கும் க்யூபாவுக்கும் முட்டிக்கிச்சு. அதுவரை க்யூபாவில் ஆள் எடுத்துக்கிட்டிருந்த அணிகள் பக்கத்துத் தீவுக்குப் பார்வையைத் திருப்பின.

இன்னொரு காரணம், சிம்பிளான காசுக் கணக்கு. அமெரிக்கா, கனடா, புவர்ட்டோ ரிக்கோ பையன்களை 'டிராஃப்ட்' என்ற முறையில் வரிசைப்படிதான் அணிகள் எடுக்க முடியும். டொமினிக்கன் பையனை யார் வேணும்னாலும், நேரா வீட்டுக்கே போய் ஒப்பந்தம் போடலாம். 1985-ல் ஸாமி ஸோஸாவை டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் அணி எடுத்தது வெறும் 3,500 டாலருக்கு. பின்னாளில் ஒரே சீஸனில் 60 ஹோம் ரன்களைத் தாண்டும் சாதனையை மூணு முறை செஞ்ச மனுஷன் அவர்!

இப்ப நிலைமையே வேற. 2024 சீஸனின் தொடக்க நாளில் மேஜர் லீக் பட்டியலில் இருந்த டொமினிக்கன் வீரர்கள் 108 பேர். அமெரிக்காவுக்கு வெளியே வேறு எந்த நாட்டுக்கும் அந்த எண்ணிக்கை இல்லை. அதே வருஷம் டிசம்பரில் சாண்டோ டொமிங்கோவில் பிறந்த ஹுவான் ஸோட்டோ, நியூயார்க் மெட்ஸ் அணியோடு போட்ட ஒப்பந்தம் 15 வருஷத்துக்கு 765 மில்லியன் டாலர். நம்ம கணக்கில் சுமார் 6,500 கோடி ரூபாய். மயக்கம் போட்டுடாதீங்க... அங்கே தெருவில் விளையாடும் ஒவ்வொரு பொடியனுக்கும் அந்த நம்பர் மனப்பாடம்!

பாட்டில் மூடியும் துடைப்பக் கட்டையும்

நமக்கு தெருக் கிரிக்கெட் மாதிரி அவங்களுக்கு 'விட்டியா'. துடைப்பக் கட்டைதான் மட்டை. பெரிய தண்ணீர் கேனின் பிளாஸ்டிக் மூடிதான் பந்து. மூடி காத்துல தட்டு மாதிரி சுழன்று, வளைஞ்சு, கடைசி நொடியில் முங்கும். அதை ஒல்லிக் கட்டையால் அடிச்சுப் பழகினவனுக்கு நிஜப் பந்து பலாப்பழம் சைஸுக்குத் தெரியும் என்பது அங்கே ஒரு நம்பிக்கை.

அவங்க ஊரில் ஒரு பழமொழி இருக்கு... 'நடந்தே யாரும் தீவைத் தாண்டினது இல்லை!' இதில் ஒரு உள்குத்து உண்டு. பேஸ்பாலில் எறிபவர் நாலு முறை வைடு மாதிரி தப்பாப் போட்டா, அடிப்பவர் மட்டையை ஆட்டாமலே முதல் தளத்துக்கு ஹாயா நடந்து போகலாம். அதுக்குப் பேரே 'வாக்'. பொறுமையா நின்னு 'வாக்' வாங்குறது அணிக்கு நல்லது. ஆனால், பார்க்க வர்ற அமெரிக்கத் தேர்வாளர் கண்ணில் பட அது போதாது. கிடைச்ச பந்தை எல்லாம் வெளுத்தால்தான் தீவை விட்டு வெளியே போக முடியும். இந்த மண்ணின் பையன்கள் ஏன் எல்லா பந்துக்கும் மட்டையைச் சுழற்றுகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தப் பழமொழியில் இருக்கு.

'தேடிப் பிடிப்பவர்' வருகிறார்!

பையனுக்கு 12, 13 வயசு ஆகும்போது ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டுவார். அவருக்கு அங்கே பெயர் 'புஸ்கோன்'. தேடுறவர்னு அர்த்தம். கோச், ஏஜென்ட், கார்டியன், கடன் கொடுப்பவர் எல்லாம் சேர்ந்த ஒரு கேரக்டர். பையனைத் தன் பொறுப்பில் எடுத்துப் பயிற்சி கொடுப்பார். சாப்பாடு, ஷூ, க்ளவுஸ் எல்லாம் அவர் செலவு. பையன் ஒப்பந்தம் ஆனதும் வரும் தொகையில் ஒரு பங்கு அவருக்கு. 30 சதவிகிதம் என்பது சகஜம்.

புஸ்கோன்களை வில்லன் என்று ஒரே வார்த்தையில் முடிச்சுட முடியாது. அரசாங்கமும் பள்ளிக்கூடமும் கண்டுக்காத பையனுக்கு மூணு வேளை சோறு போட்டு ஆளாக்கினவங்க இருக்காங்க. பையன் தலையில் மிளகாய் அரைச்சவங்களும் இருக்காங்க. ஆனால், ரெண்டு வகைக்கும் பொதுவான ஒரு விஷயம்... காலையில் பயிற்சி, மாலையிலும் பயிற்சி. நடுவில் பள்ளிக்கூடம் மெள்ள மெள்ளக் காணாமப் போயிடும்.

விதிப்படி 16 வயசு ஆனால்தான் ஒப்பந்தம். ரொம்ப வருஷம் ஜூலை 2 என்பது அந்த நாட்டுக்கே ரிசல்ட் டே மாதிரி. 2021 முதல் அது ஜனவரி 15-க்கு மாறிடுச்சு. தேர்வு எப்படி? 60 கஜம் ஓடணும், ஒருத்தர் ஸ்டாப் வாட்ச் பிடிப்பார். தூரத்தில் இருந்து எறியணும், ஒருத்தர் கையின் வலுவைப் பார்ப்பார். எறிபவர்னா ரேடார் துப்பாக்கி வேகத்தைச் சொல்லும். அப்புறம் கொஞ்ச நேரம் பேட்டிங். நாலு வருஷ உழைப்புக்கு ஒரு காலைப் பொழுதில் மார்க்!

16-க்கு முன்னாடியே வாய் வார்த்தையா பேசி முடிச்சுடுறதும் ஊரறிஞ்ச ரகசியம். லாபம் எக்கச்சக்கம் என்பதால் குறுக்கு வழிகளும் உண்டு. 15 வயசிலேயே ஏட்ரியன் பெல்ட்ரேயிடம் கையெழுத்து வாங்கிய குற்றத்துக்காக, 1999-ல் டாட்ஜர்ஸ் அணிக்கு அபராதம் போட்டு, பெருமைக்குரிய அந்தப் பனைமரத் திடலையே ஒரு வருஷம் மூடச் சொன்னாங்க. (அதே பெல்ட்ரே 2024-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தது தனிக் கதை.) 2017-ல் அட்லான்டா பிரேவ்ஸ் அணி விதிகளை மீறி எடுத்த 13 இளம் வீரர்களை லீக் நிர்வாகம் அந்த அணியிடம் இருந்தே பிடுங்கிடுச்சு.

பையன்கள் பக்கமும் தில்லாலங்கடி உண்டு. 16 வயசில் மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் எறிஞ்சா அற்புதம். அதையே 19 வயசில் செஞ்சா, 'ஓகே... அடுத்தது யாருப்பா?' இந்த மூணு வருஷ வித்தியாசத்துக்காகப் பிறப்புச் சான்றிதழையே மாத்தினவங்க இருக்காங்க. க்ளீவ்லாண்டு அணிக்காக 2007-ல் 19 வெற்றிகளைக் குவிச்ச ஃபாஸ்டோ கார்மோனா, 2012 ஜனவரியில் சாண்டோ டொமிங்கோவில் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே கைதானார். விசாரிச்சா, நிஜப் பெயர் ரொபெர்ட்டோ ஹெர்னாண்டஸ். வயசும் மூணு கூட! அப்புறம் சொந்தப் பெயரிலேயே திரும்பி வந்து சில சீஸன் ஆடினார். இத்தனை வருஷமா அடுத்தவன் பெயரைச் சொல்லி மைதானம் மொத்தமும் கைதட்டினப்ப அந்த மனுஷன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

ஹாஸ்டல் டைம் டேபிள்

சரி, நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. அகாடமிக்குள் வந்தாச்சு. உங்க ஒரு நாள் எப்படி இருக்கும்?

வெயில் ஏறும் முன்பே எழுந்திரிக்கணும். பங்க் கட்டிலை ஒழுங்குபடுத்தாம வெளியே வந்தா திட்டு விழும். டிபனுக்கு 'மாங்கூ', அதாவது வேக வெச்சு மசிச்ச வாழைக்காய், கூட முட்டை. வர்ற பையன்களில் நிறையப் பேர் ஒல்லிக்குச்சி. அதனால் 'சாப்பிடு, இன்னும் சாப்பிடு' என்பதே முதல் பாடம். மதியம் சோறு, பீன்ஸ் குழம்பு, கறி. இதுக்குப் பேர் 'லா பாந்தேரா'. தேசியக் கொடின்னு அர்த்தம். சோத்துக்குக் கொடி பேர் வெச்ச ஊர் நமக்கு அந்நியமாவா இருக்கும்?

காலை முழுக்க மைதானம். ஜூன் வந்துட்டா 'டொமினிக்கன் சம்மர் லீக்' ஆரம்பம். 1985-ல் தொடங்கிய இந்தப் போட்டியில், சமீப வருஷங்களில் சுமார் 50 அணிகள் ஆடுது. சில கிளப்புகள் ரெண்டு அணிகூட இறக்கும். லீக்னு சொன்னதும் ஃப்ளட் லைட், சியர் கேர்ள்ஸ்னு கற்பனை பண்ணாதீங்க. சுட்டெரிக்கும் பகல் வெயில், அகாடமியின் சொந்த மைதானம், பார்வையாளர்னு விரல்விட்டு எண்ணுற ஆட்கள். ஆனால், வலைக்குப் பின்னாடி நோட்டும் ரேடார் துப்பாக்கியுமா உட்கார்ந்திருக்கும் நாலு பேர்தான் உங்க தலையெழுத்து.

ரூம் மேட் வெனிசுலா பையனா இருக்கலாம். 2015 சீஸனோடு அந்த நாட்டில் நடந்துவந்த இதே மாதிரி லீக் நின்னுபோச்சு. அங்கே ஒப்பந்தம் ஆகும் பையன்களும் இங்கேதான் வர்றாங்க. 17 வயசில் அம்மாவைப் பிரிஞ்சு வந்தவன் ராத்திரி போர்வைக்குள் அழுதா, பக்கத்துக் கட்டில்காரன் கேட்காத மாதிரி திரும்பிப் படுத்துக்குவான். ஹாஸ்டலில் இருந்தவங்களுக்கு இது புரியும்.

'ஐ காட் இட்!'

மதியத்துக்கு மேல் மட்டையை வெச்சுட்டு பேனா எடுக்கணும். இங்கிலீஷ் க்ளாஸ்!

இதை ஏதோ கூடுதல் கோர்ஸ்னு நினைக்காதீங்க. உசுரு சம்பந்தப்பட்ட விஷயம். பந்து வானத்தில் பறக்குது, ரெண்டு பேர் ஓடிவர்றாங்க. ஒருத்தன் 'ஐ காட் இட்'னு கத்தணும், இன்னொருத்தன் நின்னுடணும். பாஷை புரியலைன்னா மண்டையும் மண்டையும் மோதும். 1962-ல் மெட்ஸ் அணியில் இதை வெச்சே ஒரு கதை சொல்லுவாங்க. ரிச்சி ஆஷ்பர்ன் என்ற அமெரிக்கர், வெனிசுலாக்காரர் எலியோ சாக்கோனோடு அடிக்கடி மோத வேண்டியதாப் போச்சு. கஷ்டப்பட்டு ஸ்பானிஷில் 'யோ லா தெங்கோ'ன்னு கத்தக் கத்துக்கிட்டார். அடுத்த மேட்சில் பந்து வந்தது. இவர் கத்த, சாக்கோன் சமர்த்தா நின்னுட்டார். ஆனால், ஸ்பானிஷ் தெரியாத இன்னொரு அமெரிக்கர் ஃப்ராங்க் தாமஸ் ஓடி வந்து ஆஷ்பர்னை மோதித் தள்ளிட்டார்!

க்ளாஸில் முதலில் மைதானத்து வார்த்தைகள். அப்புறம் ஹோட்டலில் ஆர்டர் பண்றது, பேங்க்கில் கணக்கு ஆரம்பிக்கிறது, ஏர்போர்ட்டில் ஃபாரம் நிரப்புறது, டாக்டரிடம் 'எனக்கு இங்கே வலிக்குது'ன்னு சொல்றது, டி.வி. பேட்டி கொடுக்கிறது. தோள் வலியை இங்கிலீஷில் சொல்லத் தெரியாம, பல்லைக் கடிச்சுக்கிட்டு எறிஞ்சா கேரியரே காலி. மேஜர் லீக் அணிகள் எல்லாத்துக்கும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் என்ற விதி வந்ததே 2016-ல்தான். அதுக்கு முன்னாடி போனவங்க கதி?

2008-ல் வந்த 'ஷுகர்' என்ற அமெரிக்கப் படத்தைப் பாருங்க. சான் பெட்ரோ பையன் ஒருத்தன் அகாடமியில் இருந்து அயோவா மாகாணத்துக்குப் போறான். ஹோட்டலில் அவனுக்குச் சொல்லத் தெரிஞ்ச ஐட்டம், ஃபிரெஞ்ச் டோஸ்ட் மட்டும்தான். போன இடமெல்லாம் அதையே தின்கிறான். முட்டை கேட்கத் தெரியாத ஒரு வீரனைப் பார்த்து முதலில் சிரிப்பீங்க. அப்புறம் தொண்டையை அடைக்கும்.

இந்த வகுப்பை சீரியஸா எடுத்துக்கிட்டவர்னா பெட்ரோ மார்ட்டினஸைச் சொல்லணும். 'பையன் ரொம்பக் குள்ளம், ஒல்லி, தாக்குப்பிடிக்க மாட்டான்'னு சந்தேகப்பட்டவங்களுக்கு நடுவில் டாட்ஜர்ஸ் அகாடமியில் வளர்ந்தார். அண்ணன் ரமோனும் அங்கே தயாரான வீரர்தான். பெட்ரோ பின்னாளில் மூணு முறை 'ஸை யங்' விருது, 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம் என்று உச்சிக்குப் போனார். இதைவிட முக்கியம்... ஆடி முடிச்சதும் அமெரிக்க டி.வி-யில் உட்கார்ந்து இங்கிலீஷில் ஆட்டத்தை அலசினார். கை ஓய்ஞ்ச பிறகும் அவருக்குச் சோறு போட்டது, அந்த வகுப்பறையில் தொடங்கின பாஷை!

பையைக் கட்டச் சொன்னால்?

இப்பதான் கஷ்டமான பேப்பர்.

சின்னதா ஒரு கணக்குப் போடுங்க. மேஜர் லீக்கில் 30 அணிகள், அணிக்கு 26 பேர். மொத்தம் 780 நாற்காலி. அதில் அமெரிக்கர்கள், ஜப்பான்காரர்கள், வெனிசுலாக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்தது போக மிச்சம் இருப்பதுதான் இவங்களுக்கு. டொமினிக்கன் சம்மர் லீக்கில் மட்டும் ஒரே நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள். இதைத் தாண்டி அமெரிக்காவில் ரூக்கி, சிங்கிள் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று படிப்படியா ஏறணும். ஒவ்வொரு படியிலும் வடிகட்டல். நூறு பேர் தொடங்கினா, கடைசி வரை போறவங்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏத்திடலாம்.

மத்தவங்க? ஒரு நாள் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடுவாங்க. 'ரிலீஸ்' என்ற ஒரே வார்த்தை. அன்னிக்கே பையைக் கட்டணும். பையனுக்கு வயசு 19 இல்லேன்னா 20. கையெழுத்துப் போட்டப்ப வந்த பணத்தில் புஸ்கோன் பங்கு போச்சு, அம்மாவுக்கு வீடு கட்டினதுல கொஞ்சம் போச்சு, ஒரு பைக் வாங்கினதுல மிச்சமும் போச்சு. 13 வயசில் விட்ட படிப்பு விட்டதுதான். 'உனக்கு என்ன வேலை தெரியும்?'னு கேட்டா, அவனுக்குத் தெரிஞ்சது ஒரே வேலை. அதிலிருந்துதான் இப்ப துரத்திட்டாங்களே!

அவன் தோத்தது தன்னோட கனவில் மட்டும் இல்லை. தெருவே அவன்மேல் பந்தயம் கட்டியிருந்தது. அதனாலேயே சிலர் ஊருக்குத் திரும்பாம, கிடைச்ச வேலையைப் பார்த்துக்கிட்டு வேற எங்கேயாவது தங்கிடுறாங்க.

இந்த இடத்தில்தான் சில அணிகள் லேட்டானாலும் விழிச்சுக்கிட்டாங்க. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி 2009-ல் எல் டோரோ என்ற இடத்தில் திறந்த அகாடமியில், இங்கிலீஷோடு நிறுத்தாம, விட்ட இடத்தில் இருந்து பள்ளிப் படிப்பையும் தொடர ஏற்பாடு பண்ணினாங்க. பயிற்சி முடிஞ்சு, குளிச்சு, சாப்பிட்டு, கணக்கும் வரலாறும்! பாஸானவங்களுக்கு அங்கியும் தொப்பியும் போட்டு, பெற்றோரைக் கூப்பிட்டுப் பட்டமளிப்பு விழா. வேறு அணிகளும் இதே வழியில் இறங்கியிருக்கு.

இதில் அணிகளுக்கு லாபம் இல்லாம இல்லை. யோசிக்கத் தெரிஞ்ச பையன் மைதானத்திலும் சீக்கிரம் கத்துக்குறான். அமெரிக்கா போனா ஏங்கிப் போகாம தாக்குப்பிடிக்கிறான். ஆனால், நிஜமான லாபம் ரிலீஸ் ஆகிற பையனுக்குத்தான். அவன் பையில் மட்டையோடு ஒரு சர்ட்டிஃபிகேட்டும் இருக்கு. காலேஜில் சேரலாம், கோச் ஆகலாம், ஹோட்டல் ரிசப்ஷனில் இங்கிலீஷ் பேசி வேலை வாங்கலாம்.

இருந்தாலும் ஒரு கேள்வி உறுத்தத்தான் செய்யும். 13 வயசில் பள்ளிக்கூடத்தை விட்டு இழுத்துட்டு வர்றதும் இதே பேஸ்பால் சந்தை. 17 வயசில் பாடப் புத்தகம் கொடுக்கிறதும் அதே சந்தை. முதல் வேலையை நிறுத்திட்டா ரெண்டாவது வேலைக்கு இவ்வளவு அவசியம் இருக்காதே?

கிரிக்கெட் கண்ணுக்கு பேஸ்பால்!

* பந்து தரையில் குத்தாது. எல்லாமே ஃபுல் டாஸ்! எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே சுமார் 18.4 மீட்டர். நம்ம பிட்ச் 20.12 மீட்டர்.

* ஒரு அணியில் ஒன்பது பேர். மேட்சுக்கு ஒன்பது இன்னிங்ஸ். மூணு விக்கெட் விழுந்தா ஒரு அணியின் இன்னிங்ஸ் காலி.

* மூணு முறை கோட்டை விட்டா அவுட். பத்து முறைக்கு மூணு முறை ஒழுங்கா அடிச்சாலே ஸ்டார் பேட்ஸ்மேன்!

* சிக்ஸருக்கு அங்கே 'ஹோம் ரன்'னு பேர்.

நம்ம ஊர்ப் பசங்க ரெண்டு பேர்

பைரேட்ஸ்னு சொன்னதும் ஒரு இந்தியக் கனெக்‌ஷன் ஞாபகம் வருது. 2008-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு இந்தியாவில் ஒரு எறிபோட்டி நடந்தது. அதில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ரெண்டு பேரும் உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறிதல் வீரர்கள். பேஸ்பாலைக் கண்ணாலேயே பார்த்தது இல்லை, இங்கிலீஷும் தெரியாது. லாஸ் ஏஞ்சலீஸில் சில மாசம் ஆட்டத்தையும் பாஷையையும் ஒண்ணாப் படிச்சாங்க. அதே வருஷ நவம்பரில் பைரேட்ஸ் ரெண்டு பேரையும் ஒப்பந்தம் பண்ணுச்சு. தினேஷ் 2010-ல் ரிலீஸ் ஆகி இந்தியா திரும்பினார். ரிங்கு சில வருஷம் மைனர் லீக்கில் நின்னு ஆடி, காயங்களால் வெளியேறி, அப்புறம் மல்யுத்த மேடைக்குப் போனார். ரெண்டு பேருமே மேஜர் லீக்கைத் தொடலை. இவங்க கதை 2014-ல் ஹாலிவுட் படமா வந்தது. மியூஸிக், நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்!

படம் நம்பிக்கையோடு முடிஞ்சுடும். வாழ்க்கை அதுக்கு அப்புறமும் ஓடும் இல்லையா? அந்த 'அப்புறம்'தான் எல்லா அகாடமிப் பசங்களுக்கும் பெரிய பரீட்சை.

இப்ப சொல்லுங்க, அந்தக் கையெழுத்தைப் போடுவீங்களா?

'போடவே கூடாது'ன்னு ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்றது ஈஸி. கரும்பு வெட்டும் அப்பாவுக்குப் பிறந்த பையனுக்கு, தெருவில் தெரியும் ஒரே கதவு அதுதான்னா, அவன் தட்டத்தான் செய்வான். தட்டட்டும்! ஆனால், அந்தக் கதவு மூடினாலும் இன்னொரு கதவு திறக்கிற மாதிரி ஒரு சாவி அவன் பாக்கெட்டில் இருக்கணும். அதைக் கொடுக்கிற பொறுப்பு அவனை வெச்சு சம்பாதிக்கிறவங்களுக்கு உண்டு.

உங்களுக்கும் கிரிக்கெட், சினிமா, மியூஸிக்னு ஏதோ ஒரு வெறி இருக்கலாம். விடாதீங்க, துரத்துங்க. அதுக்காக செமஸ்டர் ஃபீஸ் கட்டின காலேஜை எதிரி லிஸ்ட்டில் சேர்க்காதீங்க. போக்கா சிக்காவில் ஒரு பையன் மதிய வெயிலில் ஆடிட்டு வந்து, தூக்கம் கண்ணைக் கட்ட, 'மை ஷோல்டர் ஹர்ட்ஸ்'னு பத்து முறை எழுதிப் பழகிக்கிட்டிருக்கான். நாளைக்கு மதியம் லாஸ்ட் ஹவர் கட் அடிக்கும்போது, அவனை ஒரு செகண்ட் நினைச்சுக்கோங்க!